மெயிலின் டேட் ஹெடரில் இருக்கும் நேரம் யாருடையது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மெயில் சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, பயனர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆட்கள் அனுப்பும் மெயில்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. உங்கள் அப்ளிகேஷன் ஒன்று தானாக அனுப்பும் மெயில்கள் மட்டும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் அனுப்பப்பட்டவை போலக் காட்டி, இன்பாக்ஸின் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கின்றன. சர்வரின் நேர மண்டலத்தை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: மெயிலின் தலைப்பு வரிகளில் ஒன்றான டேட் ஹெடரில் இருப்பது யாருடைய கடிகாரம், வழியில் உள்ள சர்வர்களுக்கு அதில் என்ன உரிமை? இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால் முதலாவது தானாகத் தீர்ந்துவிடும். மெயில் சர்வர் பராமரிப்பில் பல வருடங்களாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சர்வரின் நேர மண்டலத்தைத் தொடாதீர்கள். தொட்டாலும் இந்தப் பிரச்சினை தீராது.

டேட் ஹெடரின் அமைப்பை இப்போது வரையறுப்பது 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5322 (ஆர்எஃப்சி என்பவை இணையத்தின் விதிமுறை ஆவணங்கள்). அதன்படி ஒரு டேட் வரியில் கிழமை, தேதி, மாதம், நான்கு இலக்க வருடம், மணி-நிமிடம்-நொடி, கடைசியாக ஆஃப்செட் (யூடிசி-யிலிருந்து உள்ளூர் நேரம் விலகியிருக்கும் அளவு) ஆகியவை இருக்கும். தமிழில் எழுதினால் இப்படி: செவ்வாய், 12 மார்ச் 2024 21:15:08 +0530. (ஹெடரில் கிழமையும் மாதமும் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கமாகத்தான் இருக்க வேண்டும், இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) கிழமையை எழுதாமலும் விடலாம், ஆனால் எழுதினால் அது அந்தத் தேதிக்குப் பொருந்த வேண்டும். கடைசியில் இருக்கும் +0530 என்பதைத்தான் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். யூடிசி-யோடு ஐந்தரை மணி நேரம் ஏற்கெனவே கூட்டி எழுதியாகிவிட்டது என்பதே அதன் பொருள். யூடிசி வேண்டுமென்றால் கழிக்க வேண்டும்: 15:45:08. அதே நொடியை நியூயார்க்கில் இருப்பவர் அனுப்பியிருந்தால் 11:45:08 -0400 என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒரே கணம். ஆஃப்செட் இல்லாமல் 21:15:08 என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. எண்ணும் ஆஃப்செட்டும் சேர்ந்ததுதான் நேரம்.

சரி, இதை எழுதுவது யார்? அனுப்புபவரின் மெயில் கிளையன்ட், அதாவது மெயில் எழுதவும் படிக்கவும் அவர் பயன்படுத்தும் மென்பொருள். தானியங்கி மெயில் என்றால் அதை உருவாக்கும் நிரல். மெயில் நெட்வொர்க்கில் ஏறிய நேரத்தை ஹெடர் குறிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எழுதியவர் “முடிந்தது, அனுப்பலாம்” என்று தீர்மானித்த நேரத்தையே அது குறிக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி சொல்கிறது. இணைய இணைப்பு இல்லாமல் விமானத்தில் உட்கார்ந்து அனுப்பு பொத்தானை அழுத்தினால் அந்த நேரம்தான் டேட். தரையிறங்கி ஆறு மணி நேரம் கழித்து மெயில் கிளம்பினாலும் டேட் மாறாது. கடிதத்தின் தலையில் எழுதுபவர் போடும் தேதியும், உறையின் மேல் தபால் நிலையம் குத்தும் முத்திரையும் தனித்தனி அல்லவா? டேட் ஹெடர் முதல் வகை. தபால் நிலையத்தார் உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் தேதியைத் திருத்துவதில்லை.

விதிமுறை இதைக் கண்டிப்பாகவே சொல்கிறது. சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் நெறிமுறையான எஸ்எம்டிபி-யை வரையறுக்கும் ஆர்எஃப்சி 5321, தேதியோ நேர மண்டலமோ இல்லாமல் ஒரு மெயில் வந்தால் அதைச் சேர்ப்பதற்கு, மெயில் முதன்முதலில் நுழையும் இடத்தில் இருக்கும் சர்வருக்கு இடம் தருகிறது. வெறுமனே கைமாற்றிவிடும் இடைநிலை சர்வர்கள் இப்படிச் செய்யவே கூடாது. பயனர்கள் 587 போர்ட் வழியாக மெயிலை ஒப்படைக்கும் சர்வருக்கான ஆர்எஃப்சி 6409-உம் இதையே வேறு சொற்களில் சொல்கிறது: டேட் இல்லையென்றால் சேர்க்கலாம், இலக்கணப்படி பிழையாக இருந்தால் திருத்தலாம். கவனியுங்கள், இலக்கணப் பிழையை மட்டும்தான். இலக்கணம் சரியாக இருந்து நேரம் தப்பாக இருந்தால் சர்வருக்கு அதில் வேலை இல்லை. அனுப்பியவரின் கடிகாரம் தப்பு என்று முடிவுகட்ட சர்வருக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? உங்கள் சர்வரின் நேர மண்டலம் டேட் ஹெடருக்குள் நுழையக்கூடிய ஒரே சந்தர்ப்பம், டேட் இல்லாமல் வந்த மெயிலுக்கு அதுவே ஒன்றைப் போடும்போதுதான். அப்போதும் அது தன் மண்டலத்தின் ஆஃப்செட்டைச் சேர்த்தே எழுதும் என்பதால், யூடிசி-யில் ஓடினாலும் வேறெதில் ஓடினாலும் குறிக்கப்படும் கணம் ஒன்றுதான்.

வழியில் திருத்தாமல் இருப்பதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. டீகிம் கையொப்பம் (மெயில் வழியில் மாறவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) போடும் சர்வர்கள் பெரும்பாலும் டேட் ஹெடரையும் அந்தக் கையொப்பத்துக்குள் சேர்த்துக்கொள்கின்றன. அப்புறம் நடுவில் யாராவது நல்ல எண்ணத்தோடு 21:15-ஐ 15:45 என்று மாற்றி +0530-ஐ +0000 ஆக்கினால், கணம் மாறாவிட்டாலும் எழுத்து மாறிவிட்டது, கையொப்பம் உடைந்துவிடும். ஹெடரைத் திருத்தும் ஃபில்டர் ஒன்றைப் போட்டுவிட்டு, மெயில்கள் ஏன் ஸ்பாம் பெட்டிக்குப் போகின்றன என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சர்வர்கள் தங்கள் நேரத்தை எழுதுவதற்குத் தனி இடம் இருக்கிறது. அதுதான் ரிசீவ்டு ஹெடர். மெயிலை வாங்கும் ஒவ்வொரு சர்வரும் யாரிடமிருந்து வாங்கினேன், என்ன அடையாளத்தில், எப்போது என்று ஒரு வரியை எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டும். அரைப்புள்ளிக்குப் பின்னால் வருவது நேரம். புதிய வரி மேலே ஒட்டப்படுவதால் கீழிருந்து மேலே படிக்க வேண்டும். இந்த வரியில் யூடிசி-யைவிட உள்ளூர் நேரத்தை ஆஃப்செட்டோடு எழுதுவதையே ஆர்எஃப்சி 5321 விரும்புகிறது; யூடிசி எழுதினால் சர்வர் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்ற தகவல் தொலைந்துபோகிறது என்பது அதன் வாதம். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் சர்வரையே யூடிசி-யில் வைத்துவிடுவதால் +0000 என்று வருகிறது. இதில் நான் ஆர்எஃப்சி-யின் பக்கம் இல்லை. நள்ளிரவில் லாக்குகளை (சர்வர்கள் நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்புகளை) ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்போது எல்லாம் ஒரே மண்டலத்தில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஜிமெயில் தன் வரிகளில் அமெரிக்கப் பசிபிக் நேரத்தையே போடும்; கோடையில் -0700, குளிரில் -0800.

மேலே சொன்ன மெயிலையே எடுத்துக்கொள்வோம். டேட் 21:15:08 +0530. முதல் சர்வரின் ரிசீவ்டு 15:45:10 +0000. அதற்கு மேலே ஜிமெயிலின் வரி 08:45:12 -0700. ஆஃப்செட்டைப் பார்க்காமல் படித்தால் இரவில் கிளம்பிய மெயில் அதே நாள் மாலையில் ஒரு சர்வருக்கும் காலையில் இன்னொன்றுக்கும் போய்ச் சேர்ந்தது போல இருக்கும். மூன்றையும் யூடிசி ஆக்கினால் 15:45:08, 15:45:10, 15:45:12. மொத்தப் பயணம் நான்கு நொடி. ஹெடர் பார்த்துக் குழம்புகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இந்த ஒரு படியைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான்.

திரையில் தெரியும் நேரம் வேறு கதை. கிளையன்ட் ஹெடரைப் படித்து, பார்ப்பவரின் கணினி எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றிக் காட்டுகிறது. அதனால் ஒரே மெயிலை மூன்று நாடுகளில் மூன்று பேர் திறந்தால் மூன்று நேரம் தெரியும். அதில் தப்பில்லை. தப்பு எங்கே நுழைகிறது என்றால், எந்த நேரத்தை எடுத்துக் காட்டுவது என்பதில் கிளையன்ட்கள் ஒத்துப்போவதில்லை. ஐமேப் (சர்வரில் இருக்கும் பெட்டியைக் கிளையன்ட் படிக்கும் நெறிமுறை) சர்வர் ஒவ்வொரு மெயிலுக்கும் இன்டர்னல்டேட் என்று ஒன்றை வைத்திருக்கிறது. ஹெடரோடு அதற்குச் சம்பந்தம் கிடையாது. மெயில் பெட்டிக்குள் வந்து விழுந்த நேரம் அது. சில கிளையன்ட்கள் பட்டியலை டேட் ஹெடரின்படி அடுக்கும், சில இன்டர்னல்டேட்டின்படி அடுக்கும், சில இரண்டையும் தனித்தனிப் பத்தியாகக் காட்டும். சர்வரிலேயே அடுக்கச் சொல்லும் ஐமேப் நீட்டிப்பான ஆர்எஃப்சி 5256-இலும் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. டேட் என்று கேட்டால் ஹெடரை யூடிசி ஆக்கி அடுக்கும், அரைவல் என்று கேட்டால் இன்டர்னல்டேட்டைப் பார்க்கும். ஜிமெயில் நிரலாளர்களுக்குத் தரும் ஏபிஐ ஆவணம், சாதாரணமாக வந்த மெயிலுக்குத் தாங்கள் அதை ஏற்றுக்கொண்ட நேரத்தையே வைத்துக்கொள்வதாகவும், டேட் ஹெடரைவிட அது நம்பகமானது என்றும் வெளிப்படையாகவே சொல்கிறது. ஐமேப்-க்கு மாற்றாக 2019-இல் வந்த ஜேமேப் இரண்டையும் தனித்தனிப் புலங்களாக வைத்திருக்கிறது: அனுப்பிய நேரம் ஆஃப்செட்டோடு, பெற்ற நேரம் யூடிசி-யில். உங்கள் அப்ளிகேஷனின் மெயில் சிலருக்கு மட்டும் உச்சியில் ஒட்டிக்கொள்வதாகவும் மற்றவர்களுக்கு இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரே பெட்டியைப் பார்க்கும் இரண்டு கிளையன்ட்கள் வேறு வேறு நேரத்தை எடுத்து அடுக்கினால் அப்படித்தான் இருக்கும்.

இதே இடத்தில் தேடலில் ஒரு வினோதம் இருக்கிறது. பலருக்குத் தெரியாது. ஐமேப்-இல் இந்தத் தேதிக்குப் பிறகு வந்தவை, இந்தத் தேதிக்கு முன்பு அனுப்பியவை என்று தேடும்போது, நேரத்தையும் மண்டலத்தையும் கணக்கில் எடுக்கக் கூடாது என்றே விதிமுறை சொல்கிறது. எழுதியிருக்கும் தேதி மட்டும்தான். அதனால் 00:20 +0530 என்று டேட் போட்ட மெயில், யூடிசி-யில் முந்தைய நாளாக இருந்தாலும், அனுப்பிய தேதிப்படி தேடினால் மறுநாள் கணக்கில்தான் வரும். நாள் வாரியாக மெயிலை இழுத்து அறிக்கை தயாரிக்கும் நிரல்களில் நள்ளிரவை ஒட்டிய மெயில்கள் விடுபடுவதற்கோ இரண்டு நாளிலும் எண்ணப்படுவதற்கோ இது ஒரு காரணம். ஒரு நாள் முன்னும் பின்னும் சேர்த்து இழுத்து, பிறகு நிரலுக்குள் யூடிசி-யில் வடிகட்டுவதுதான் வழி.

இனி உங்கள் பிரச்சினைக்கு வருவோம். நேரம் தப்பாக இருக்கும் மெயிலில் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: டேட் ஹெடருக்கும், மெயிலை முதலில் வாங்கிய நம்பகமான சர்வரின் ரிசீவ்டு நேரத்துக்கும் இடையே யூடிசி-யில் எவ்வளவு வித்தியாசம்? அந்த எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மண்டலங்கள் எல்லாம் யூடிசி-யிலிருந்து முழு மணி, அரை மணி அல்லது கால் மணிக் கணக்கில்தான் விலகியிருக்கின்றன. நேபாளம் +0545, நியூஃபவுண்ட்லாந்து குளிர்காலத்தில் -0330. எனவே வித்தியாசம் ஓரிரு நொடி கூடக்குறையத் துல்லியமாக அப்படி ஒரு எண்ணாக இருந்தால் அது மண்டலப் பிழை. நாலு நிமிடம் பதினேழு நொடி போல ஒழுங்கற்ற எண்ணாக இருந்தால் கடிகாரம் நகர்ந்திருக்கிறது அல்லது மெயில் வழியில் காத்திருந்திருக்கிறது. கடைசி இரண்டையும் பிரிப்பதும் சுலபம். காத்திருப்பு எப்போதும் தாமதமாகத்தான் காட்டும், கிளம்புவதற்கு முன்பே வந்து சேர்ந்ததாக ஒருபோதும் காட்டாது. தவிர, வரிசையில் காத்திருந்த மெயிலை மறுபடி அனுப்பிப் பார்க்கும் இடைவெளியாக ஆர்எஃப்சி 5321 குறைந்தது அரை மணி நேரத்தைப் பரிந்துரைக்கிறது. கைவிடும் முன் நாலைந்து நாள் வரை முயலச் சொல்கிறது. ஆகவே பல மணி நேரத் தாமதத்தைப் பார்த்ததும் மண்டலத்தின் மேல் பழி போட வேண்டாம்.

உங்கள் வித்தியாசம் ஐந்தரை மணி, அதுவும் எதிர்காலத்தில். +0530-இல் இருக்கும் கணினியின் உள்ளூர் நேரத்தை எடுத்து, அதை யூடிசி என்று அறிவித்தால் வருவது இதுதான். 21:15 என்று எழுதிவிட்டு +0000 போட்டால், படிப்பவர் அதை 21:15 யூடிசி என்றே எடுத்துக்கொள்வார். உண்மையான கணமோ 15:45. இந்த விளைவு மட்டும் உறுதி. அதற்குக் காரணம் என்ன என்பதில் சில வாய்ப்புகள் இருக்கின்றன, மூல ஹெடரைப் பார்க்காமல் எது என்று தீர்த்துச் சொல்ல முடியாது. முதல் சந்தேகம், நிரலில் தேதியை வடிவமைக்கும் இடத்தில் +0000 அல்லது அதற்குச் சமமான ஜிஎம்டி என்று யாரோ நேரடியாகத் தட்டச்சு செய்து வைத்திருப்பது. வெப் சர்வர்களுக்கான எச்டிடிபி தேதி எப்போதும் ஜிஎம்டி என்றே முடியும். அங்கிருந்து வடிவத்தை மட்டும் நகலெடுத்து, நேரத்தை யூடிசி ஆக்க மறந்துவிடுவது சகஜம். இரண்டாவது சந்தேகம், டேட்டாபேஸில் உள்ளூர் நேரமாகச் சேமித்ததை வாசிக்கும்போது யூடிசி என்று எண்ணிக்கொள்வது.

மூன்றாவது வாய்ப்புதான் எனக்குச் சுவாரசியமானது. ஆஃப்செட் இருக்க வேண்டிய இடத்தில் ஐஎஸ்டி என்று மூன்றெழுத்துப் பெயர் இருக்கலாம். 1982-இன் ஆர்எஃப்சி 822 அப்படிச் சில பெயர்களை அனுமதித்தது: யூடி, ஜிஎம்டி, பிறகு அமெரிக்க மண்டலங்களுக்கான எட்டுப் பெயர்கள். உலகத்தின் மற்ற மண்டலங்களுக்குப் பெயர் கிடையாது. தெரியாத பெயர் வந்தால் அதை -0000 என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று இன்றைய விதி சொல்கிறது. இந்தியாவும் இஸ்ரேலும் அயர்லாந்தும் ஒரே ஐஎஸ்டி-யைப் பயன்படுத்தும்போது வேறு என்ன செய்ய முடியும்? விளைவு, எண் அப்படியே யூடிசி ஆகிறது, ஐந்தரை மணி நேரம் எதிர்காலம். இதைவிட மோசமானது சிஎஸ்டி. சீன நேரத்தைக் குறிக்க அதை எழுதினால், பட்டியலில் இருக்கும் அமெரிக்க மத்திய நேரம், அதாவது -0600, என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு படிப்பார்கள். பதினான்கு மணி நேரப் பிழை.

வித்தியாசம் ஆஃப்செட்டைப் போல இரண்டு மடங்காக, உங்கள் விஷயத்தில் பதினொரு மணியாக, இருந்திருந்தால் கூட்டல் கழித்தல் குறி புரண்டுவிட்டது என்று உடனே சொல்லியிருப்பேன். ஜாவாஸ்கிரிப்டிடம் ஆஃப்செட்டைக் கேட்டால் +0530-க்கு -330 என்று தரும், குறி தலைகீழ். யூனிக்ஸ் மண்டலப் பெயர்களில் ஜிஎம்டி+5 என்று இருப்பது யூடிசி-க்கு ஐந்து மணி நேரம் பின்தங்கிய மண்டலம். மெயிலும் இந்த நோயிலிருந்து தப்பவில்லை. மண்டலங்களுக்கு ஏ, பி என்று ஒற்றை எழுத்தில் வைத்த ராணுவப் பெயர்களை ஆர்எஃப்சி 822 குறி மாற்றி வரையறுத்துவிட்டது. 1989-இன் ஆர்எஃப்சி 1123 அந்தப் பிழையைச் சுட்டிக்காட்டி, எண் ஆஃப்செட்டையே எழுதச் சொன்னது. இன்று அப்படி ஒற்றை எழுத்து வந்தாலும் -0000 என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். வருடத்தில் சில மாதங்கள் மட்டும் ஒரு மணி நேரம் தப்பு என்றால், கோடை நேர மாற்றத்தைக் கவனிக்காமல் ஆஃப்செட்டை நிலையாக எழுதிவைத்திருக்கிறார்கள் அல்லது அந்தக் கணினியின் மண்டலத் தரவு பழையது.

இந்த -0000 பற்றி ஒரு வார்த்தை. கணக்குப்படி +0000-உம் -0000-உம் ஒன்றுதான். ஆனால் +0000 என்றால் நான் யூடிசி மண்டலத்தில் இருக்கிறேன். -0000 என்றால் நேரம் யூடிசி-யில் தரப்பட்டிருக்கிறது, உள்ளூர் மண்டலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பைத்தானின் மெயில் நூலகம், சும்மா தேதி கேட்டால், -0000 போட்டுத்தான் தரும். உள்ளூர் ஆஃப்செட் வேண்டுமென்று தனியாகச் சொல்ல வேண்டும். அதே நூலகம் -0000 உள்ள தேதியைப் படிக்கும்போது மண்டலம் ஒட்டாத நேரமாகத் திருப்பித் தரும். அதை வாங்கும் நிரல், மண்டலம் இல்லையா, அப்படியென்றால் உள்ளூர் நேரம்தான் என்று எண்ணிக்கொண்டால் மறுபடியும் அதே ஐந்தரை மணி, இந்த முறை எதிர்த்திசையில். உங்கள் அப்ளிகேஷன் பைத்தானில் இருந்தால் இந்த இரண்டு இடங்களையும் பாருங்கள்.

கிழமையும் மாதமும் ஆங்கிலச் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? கிழமை, மாதப் பெயர்களைக் கணினியின் மொழி அமைப்பிலிருந்து எடுக்கும் செயல்கூறுகளைக் கொண்டு டேட் வரியை உருவாக்கக் கூடாது. சோதனைக் கணினி ஆங்கிலத்தில் இருக்கும்வரை வேலை செய்யும். வேறு மொழி அமைப்பில் ஓடும் கணினிக்குப் போனதும் தமிழிலோ ஜெர்மனிலோ கிழமை எழுதி, ஹெடரே செல்லாததாகிவிடும். நிரல் மொழி எதுவாக இருந்தாலும் அதில் மெயில் தேதிக்கென்றே ஒரு செயல்கூறு இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். இதையெல்லாம் அழகுக்காகச் சொல்லவில்லை: ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகளில், டேட் செல்லாததாக இருந்தாலோ, ரிசீவ்டு நேரத்தைவிடப் பல மணி நேரம் முன்னோக்கியோ பின்னோக்கியோ இருந்தாலோ, மதிப்பெண் கூட்டும் விதிகள் இருக்கின்றன. உங்கள் ஐந்தரை மணி நேரம் அந்த வலையில் விழக்கூடிய அளவுதான்.

சர்வர் பக்கத்தில் செய்ய வேண்டியது குறைவு. யூடிசி-யிலேயே விடுங்கள், கடிகாரத்தை இணையம் வழியாகச் சரியாக வைத்திருக்கும் என்டிபி ஓடுகிறதா என்று பாருங்கள். கடிகாரம் வேறு, மண்டலம் வேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மண்டலம் தப்பாக அமைந்த கணினியில் திரை நேரம் சரியாகத் தெரிய வேண்டுமென்று கடிகாரத்தையே கையால் நகர்த்துகிறவர்கள் உண்டு. அதுவும் உங்கள் அப்ளிகேஷன் கணினியில் நான்காவது வாய்ப்பு. என்டிபி ஓடினால் இது சீக்கிரம் வெளிப்பட்டுவிடும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடும் கணினியில் மண்டலத்தை மாற்றியும் சில வரிகள் மட்டும் யூடிசி-யிலேயே வந்தால் திகைக்க வேண்டாம். பாதுகாப்புக்காக ஒரு தனிக் கோப்புறைக்குள் அடைத்து (chroot) ஓட்டப்படும் அதன் பகுதிகளுக்கு வெளியே இருக்கும் மண்டலக் கோப்பு தெரியாது, அதை உள்ளே நகலெடுத்து வைக்க வேண்டும். பழைய பாணி சிஸ்லாக் (கணினியின் பொது லாக்) வரிகளில் வருடமும் இருக்காது, மண்டலமும் இருக்காது. மாற்றுவதாக இருந்தால் இதை மாற்றுங்கள், ஆஃப்செட்டோடு எழுதும் வடிவத்துக்கு.

சர்வரை இடம் மாற்றும் எண்ணம் இருப்பதாகவும் எழுதியிருந்ததால் இதையும் சேர்த்துவிடுகிறேன். பழைய மெயில்களைப் புதிய ஐமேப் சர்வருக்கு ஏற்றும்போது இன்டர்னல்டேட்டைத் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஏற்றிய நேரமே பெற்ற நேரமாகப் பதிவாகி, பத்து வருட மெயில்களும் ஒரே நாளில் வந்ததாகத் தெரியும். டவ்காட் என்ற ஐமேப் சர்வரின் மெயில்டிர் அமைப்பில் (ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு) கோப்பின் கடைசி மாற்ற நேரமே இன்டர்னல்டேட். அதனால் கோப்புகளை நகலெடுக்கும்போது நேரத்தைப் பாதுகாக்கும் விருப்பத்தோடு எடுங்கள். டேட் ஹெடர்கள் எப்படியும் பத்திரமாக இருக்கும், ஏனென்றால் அவை மெயிலுக்குள்ளேயே இருக்கின்றன.

கடைசியாக, கெடு நேரத்துக்குள் மெயில் வந்ததா இல்லையா என்ற தகராறுக்கு டேட் ஹெடரை ஆதாரமாகக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அது அனுப்பியவரின் வாக்குமூலம் மட்டுமே; என்ன வேண்டுமானாலும் எழுதி அனுப்ப முடியும். கீழே இருக்கும் ரிசீவ்டு வரிகளையும் அனுப்புபவர் தானே எழுதிச் சேர்த்திருக்கலாம். நம்பக்கூடியது, உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் சர்வர் வெளியுலகத்திடமிருந்து வாங்கியபோது எழுதிய வரியும், அதே கணத்துக்கான அதன் லாக்கும்தான். ஆஃப்செட்டை வைத்து ஆள் எங்கே இருந்தார் என்றும் சொல்ல முடியாது. +0000 என்றால் ஜனவரியில் லண்டனாக இருக்கலாம், அக்ராவாக இருக்கலாம், எங்கேயோ யூடிசி-யில் ஓடும் சர்வராகவும் இருக்கலாம். பயணத்தில் இருப்பவரின் மடிக்கணினி வீட்டு மண்டலத்திலேயே இருக்கலாம். பதில் மெயில்களில் “இன்ன தேதி இன்ன நேரத்தில் இன்னார் எழுதியது” என்று வரும் மேற்கோள் வரி இன்னும் பலவீனமானது. அது பதில் எழுதியவரின் கிளையன்ட் தன் மண்டலத்துக்கு மாற்றி எழுதியது, பெரும்பாலும் ஆஃப்செட் இல்லாமல். அச்சிட்ட பிரதியும் அப்படியே. கெடு வைக்கும்போதே எந்த மண்டலத்தின் நள்ளிரவு, எந்தச் சர்வரின் பெற்ற நேரம் என்று எழுதிவிடுங்கள்.

இப்போதைக்கு அந்த அப்ளிகேஷன் அனுப்பிய ஒரு மெயிலை மூல வடிவத்தில் திறந்து, டேட் வரியின் கடைசிச் சொல் +0000-ஆ, -0000-ஆ, ஜிஎம்டி-யா, ஐஎஸ்டி-யா என்று பாருங்கள். முதல் மூன்றில் ஒன்று என்றால் நேரத்தை உருவாக்கும் வரியைத் தேடுங்கள், கூடவே அந்தக் கணினியின் கடிகாரத்தையும் யூடிசி-யோடு ஒப்பிட்டுவிடுங்கள். நான்காவது என்றால் வடிவமைப்பு வரியில் மண்டலப் பெயருக்குப் பதில் எண் ஆஃப்செட்டைக் கேட்டாலே போதும்.